பையை எந்த உயரத்தில் வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவில், வெள்ளத்துக்குத் தயாராவது பற்றி நடந்த பேரிடர் விழிப்புணர்வுக் கூட்டத்தைப் பற்றி நீங்களே பலர் எழுதிவிட்டீர்கள். முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. அவசரப் பை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள் என்றதும், தரைத்தளத்தில் குடியிருக்கும் இட்லிக் கடை அக்கா எழுந்து, "பையை எந்த உயரத்துல வைக்கணும் சார்?" என்று கேட்டதும், பேச வந்தவர் "2015லயும் பட்டீங்க, 2023லயும் பட்டீங்க, இன்னும் திருந்தலையா?" என்று சிரித்ததும், கூட்டமும் கூடச் சேர்ந்து சிரித்ததும்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. குடிநீர், மூன்று நாளுக்கான உணவு, மருந்து, டார்ச், பவர் பேங்க், சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பையில் இருக்க வேண்டும் என்கிறது கூட்டத்தில் தந்த துண்டறிக்கை. நல்லது, என் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கிறது. ஆனால் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு உயரம் வரும் என்று சொல்லாமல் தயாராக இருக்கச் சொன்னால், நாங்கள் எதற்குத் தயாராவது?

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நாங்கள் ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா தயாராகத்தான் இருந்தார். ரேஷன் கார்டு, எங்கள் மதிப்பெண் பட்டியல்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி பீரோவின் மேல் வைத்திருந்தார். முதலில் குளியலறை ஜலதாரை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. கோணியைத் திணித்து அதை அடைத்துக்கொண்டிருந்தபோதே வாசல் வழியாகவும் வந்துவிட்டது. எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது பீரோ மிதந்து குப்புறச் சாய்ந்து கிடந்தது. அப்பாவின் சான்றிதழில் முத்திரை இருந்த இடம் ஊதாக் கறையாக மிஞ்சியிருந்தது, பெயர் இல்லை.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள் என்பதைப் பிறகு செய்தித்தாளில்தான் படித்தோம். அதை அன்று மாலையே சொல்லி, எங்கள் தெருவில் அது இடுப்பளவா கழுத்தளவா என்றும் யாராவது சொல்லியிருந்தால், அம்மா அந்த உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

எல்லாவற்றையும் அரசே செய்ய முடியுமா, மக்களுக்குப் பொறுப்பு இல்லையா என்பீர்கள். இருக்கிறது, அம்மா அதைத்தான் செய்தார். 2023 மிக்ஜாம் புயலுக்கு முன்கூட்டியே எச்சரித்தார்களே என்பது அதைவிட நல்ல கேள்வி. எச்சரித்தார்கள், டிசம்பர் 4 அன்று விடுமுறையும் விட்டார்கள். ஆனால் புயல் வருகிறது என்பது வேறு, உங்கள் வீட்டுக்குள் மூன்றடி தண்ணீர் வரும் என்பது வேறு. மின்சாரமும் செல்போன் சிக்னலும் போன பிறகு 1070, 1913 என்ற உதவி எண்களை எதைக் கொண்டு அழைப்பது? பள்ளத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள், மேட்டில் வாடகை என்னவென்று ஒருமுறை விசாரித்துவிட்டு வரட்டும்.

எங்கள் தெரு மின்கம்பங்களில் 2015இலும் 2023இலும் தண்ணீர் நின்ற மட்டத்துக்குப் பெயிண்டால் கோடு போடுங்கள். அடுத்த மழைக்கு எந்தக் கோடுவரை வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அக்கா கேட்டதற்குப் பதில் அதுதான்.

மிக்ஜாமின்போது மாடிப்படித் திருப்பத்தில் கேஸ் அடுப்பை ஏற்றி வைத்து, இரண்டு நாள் தெருவுக்கே கஞ்சி காய்ச்சியவர் அந்த அக்கா என்பது, பேச வந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கூடச் சேர்ந்து சிரித்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் அன்று தூக்கோடு வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.