திருத்திய தாளைக் காட்டினால் என்ன?

போன வாரம் ஒரு மாணவி ஜெராக்ஸ் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். முன்பு என்னிடம் படித்த பி.காம். பிள்ளை. ஒரு பேப்பரில் 75-க்கு 27. பாஸாக 30 வேண்டும். விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்திருக்கிறாள். 10 மார்க் கேள்வி ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாள். மூன்று பக்கத்திலும் சிவப்பு மையே படவில்லை.

திருத்தியவரை நான் திட்டப்போவதில்லை. பேப்பர் திருத்தும் முகாமில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கட்டு முடிந்தால்தான் எழுந்திருக்கலாம். மதியத்துக்கு மேல் கண் எரியும், பக்கங்கள் ஒட்டிக்கொண்டு புரளும். காலையில் கறாராக இருந்த கை சாயங்காலம் தளரும், சிலருக்கு இறுகும். டம்மி நம்பர் போட்டுப் பெயரை மறைக்கிறோம். கையெழுத்தை மறைக்க முடியுமா? முத்து முத்தாக எழுதிய தாளுக்கு அடுத்து வரும் கிறுக்கல், சரியான விடையாகவே இருந்தாலும், ஒரு மார்க்காவது இழக்கும். அதனால் என் வகுப்பு இன்டர்னல் தாள்களை முழுத் தாளாகத் திருத்துவதை விட்டுவிட்டேன். எல்லோருடைய 11-ஆம் கேள்வியையும் முடித்து, கட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் 12-க்குப் போவேன். இரண்டு நாள் கூடுதலாகும். ஆகட்டும்.

தாராளமாக மார்க் போடச் சொல்லவில்லை. தெரியாத பிள்ளைக்கு 30 போடுவது, ராத்திரி கண்விழித்துப் படித்த பிள்ளைக்குச் செய்யும் துரோகம். நான் கேட்பது, தப்பு நடந்தால் அது மாணவர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான்.

தன் விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் என்று 2019-இல் கம்பெனி செகரட்டரி தேர்வு வழக்கில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு விதிப்படி பக்கத்துக்கு 2 ரூபாய். 40 பக்கத் தாளுக்கு 80 ரூபாய், மனுவுக்கு 10. இது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நாமும் வகுப்பில் சொல்வதில்லையே. நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டணம் என்றுதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம். என்னைக் கேட்டால், ஃபெயிலான ஒவ்வொருவருக்கும் திருத்திய தாளைக் காசு வாங்காமல் காட்ட வேண்டும்.

இவள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதே பேப்பரில் 26 வாங்கிய தோழியால் நகலுக்கே கட்ட முடியவில்லை. கடைசித் தேதியும் போய்விட்டது. அவள் தாளில் எத்தனை பக்கம் புரளாமல் கிடக்கிறதோ.