மீத்திறன் திட்டம் நின்றால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லையா?

அக்கா, "மீத்திறன் திட்டத்தை மூடிவிட்டார்கள், இனி கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. சிங்கப்பூரில் மிகுந்த திறமையுள்ள பிள்ளைகளுக்கென 1984இல் தொடங்கிய அந்தத் திட்டம் (GEP) மாற்றியமைக்கப்படும் என்றுதான் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 ஆகஸ்ட் தேசிய தினப் பேரணியில் அறிவித்தார். முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டுப் பிள்ளைகள்தான் தேர்வானார்கள், அதுவும் 9 பள்ளிகளில் மட்டும். இனி எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் வாய்ப்பு உண்டு. கூடுதலாகத் தேவைப்படுவோருக்கு, இதற்கென ஒதுக்கப்படும் சுமார் 15 பள்ளிகளில் அருகிலுள்ள ஒன்றில் பள்ளி நேரத்துக்குப் பிறகு வகுப்பு.

என் மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தானே புதிர் போட்டுக்கொண்டிருப்பாள். பழகிய தோழிகளை விட்டு அவள் வேறு பள்ளிக்குப் போகவேண்டியதில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள், தொடக்கநிலை 3 பெற்றோர் பலர் அதைப் பார்த்துக் கலங்குகிறார்கள்.