முதுகுவலி குறைந்த நாளில்தான் கவனம் வேண்டும்

முதுகுவலிக்காரர்கள் பலர் கோட்டை விடுவது வலி குறைந்த நாளில்தான். நான்கு நாள் படுத்திருந்தவர், காலையில் முதுகு லேசாக இருக்கிறதே என்று வீடு முழுக்கத் துடைத்து, பரணில் இருப்பதையெல்லாம் இறக்கி, மாலையில் ஒரு மணி நேரம் நடந்தும் வருவார். மறுநாள் எழ முடியாது. திரும்பவும் படுக்கை. இந்தச் சுற்று ஐந்தாறு முறை ஓடினால் தசை வலுவிழக்கும், தெம்பும் போகும். அப்புறம் குனிந்து செருப்பு மாட்டினாலே பிடித்துக்கொள்ளும். "வயசாயிடுச்சு" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிடுவார்.

என் கருத்து இதுதான்: எவ்வளவு அசைவது என்பதை அன்றைய வலியிடம் கேட்காதீர்கள், கடிகாரத்திடம் கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் பலவீனமாகிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாத சாதாரண முதுகுவலியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வலி கூடாமல் 12 நிமிடம் நடக்க முடிகிறதா? 8 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 8, சுமாரான நாளிலும் 8. நாளுக்கு இரண்டு வேளை நடக்கலாம். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டி, வாரம் 5 நாள் 30 நிமிடம் வரை போங்கள். நடக்கும்போது வலி கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம். 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் கால் பங்கு குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேர் இருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் இப்படிப் படிப்படியாக நடந்தவர்களுக்கு வலி திரும்ப நடு அளவாக (பாதிப் பேருக்கு இதற்குள், மீதிப் பேருக்கு இதற்குப் பிறகு) 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

நடையோடு இடுப்பைத் தாங்கும் தசைக்கும் வேலை வேண்டும். கையையும் முழங்காலையும் ஊன்றி நில்லுங்கள். வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டி 8 முதல் 10 விநாடி நிறுத்தி இறக்குங்கள், பிறகு பக்கம் மாற்றுங்கள். முதல் சுற்றில் பக்கத்துக்கு 6 முறை, அடுத்து 4, கடைசியில் 2. இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு காலை வானத்துக்குத் தூக்குவது. அப்போது கீழ்முதுகு வளைந்து, பயிற்சியே வலிக்குக் காரணமாகிவிடும். இடுப்பின் மேல் தண்ணீர்க் கிண்ணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அது கவிழக் கூடாது. பக்கவாட்டு பிளாங்கை (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது) முழங்கால் மடித்தே தொடங்கலாம். முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள். இவற்றை எழுந்தவுடனே செய்யவும் வேண்டாம். இரவில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், முன்னால் குனிந்தால் அழுத்தம் கூடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சாப்பாட்டில் நான் அதிகம் வருத்தப்படும் இடம் பட்டினி. எடை குறைந்தால் முதுகு சரியாகும் என்று நம்பிப் பலர் உணவைப் பாதியாக்குகிறார்கள். புரதமும் பாதியாகிறது, கொழுப்போடு தசையும் கரைகிறது, பிற்பகலில் உடம்பு சோர்ந்து விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் தேவை. வயதானவர்களுக்கும் தசைப்பயிற்சி செய்பவர்களுக்கும் 60 முதல் 72 கிராம் நல்லது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவுதான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வெந்த பருப்பில் 8, 9 கிராம், அதே அளவு மீனில் 20 கிராம் கிடைக்கும். ராத்திரி ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். காலைச் சாப்பாடு வெறும் மாவுச்சத்தாக இருந்தால் அங்கிருந்தே மாற்றத்தைத் தொடங்குங்கள்.

டீ, காபியைச் சாப்பாட்டோடு குடித்தால் பருப்பு, கீரையின் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். பருப்பில் எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். மாலை 4 மணிக் காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரியும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதமாகியும் அசதி போகவில்லையென்றால் முதுகைக் குறை சொல்லாதீர்கள், ரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. அது சரியாக இருக்கும்போதே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பல வருடங்களாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி நடக்கிறது. பரிசோதிக்காமல் வைட்டமின் டி மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அதுவே அசதியையும் வாந்தியையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும்.