ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமா?

"அசதிக்குக் காரணம் ஸ்டீராய்டு. இன்றே நிறுத்துங்கள், மூன்றே நாளில் வேலைக்குப் போகலாம்" என்று கோத்தகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடலுக்கு அவசியமான கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அது மறுபடி விழிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். டோஸ் குறையும்போது வரும் அசதிக்கு இது முக்கியக் காரணம், சோம்பேறித்தனம் இல்லை. ஒரேயடியாக நிறுத்தினால் வாந்தி, மயக்கம் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியென்றால் உடனே 108.

சரி, வேலை? டோஸைக் குறைக்கத் தொடங்கிய முதல் வாரமே கூடையைச் சுமந்து தேயிலைச் சரிவில் ஏற வேண்டாம். மேஸ்திரியிடம் சொல்லி லேசான வேலை கேளுங்கள். அசதி தாங்கவில்லையா, மாத்திரை எழுதிய டாக்டரிடமே சொல்லுங்கள். குறைக்கும் வேகத்தை அவர் மாற்றுவார். சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.