மணல் மனிதனும் இரண்டு கியூப் மணலும்

(யாழ்ப்பாணம், வடமராட்சியில் ஒரு வீடு. முன்பக்கத்துக் கிடுகுவேலியைப் பிரித்தாயிற்று. புது மதில் இடுப்பளவில் நிற்கிறது. சீமெந்துப் பைகள் தறப்பாள் மூடி விறாந்தையில் கிடக்கின்றன. "மணல் வந்தால் சொல்லி அனுப்புங்கோ" என்று மேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா கதிரையில். கம்பஸில் படிக்கிற பெறாமகன் விறாந்தைக் குந்தில், போனும் கையுமாக.)

பெரியம்மா: தம்பி, அந்த டிப்பர்காரனுக்கு இன்னொருக்கால் எடுத்துப் பார்.

பெறாமகன்: இப்பதானே எடுத்தேன் பெரியம்மா. வந்துகொண்டிருக்கிறானாம்.

பெரியம்மா: செவ்வாய்க்கிழமையும் வந்துகொண்டுதான் இருந்தவன். மணற்காட்டில் இருந்து இங்கே வர, கதிர்காமம் போய்ச் சுற்றியே வருகிறான்? அட்வான்ஸ் வாங்க மட்டும் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றவன். அது சரி, நீ என்ன போனுக்குள் சிரிக்கிறாய்?

பெறாமகன்: சித்திரக்கதை ஒன்று. ஸ்பைடர்மானின் பழைய எதிரி. சாண்ட்மான் என்று பெயர். மணல் மனிதன்.

பெரியம்மா: (நிமிர்ந்து உட்காருகிறார்) மணலோ? எவ்விடத்து மணல்?

பெறாமகன்: மணல் விற்கிறவன் இல்லை பெரியம்மா. ஆளே மணல். கையைச் சம்மட்டி மாதிரி ஆக்குவான். கதவுக்குக் கீழே இருக்கிற நீக்கலால் ஒழுகிப் போவான். அடித்தால் உதிர்ந்துபோய், பிறகு கூடி எழும்புவான்.

பெரியம்மா: ஆளில் எத்தனை கியூப் தேறும்?

பெறாமகன்: பெரியம்மா!

பெரியம்மா: கேட்டால் என்ன குறைந்துபோகும்?

பெறாமகன்: ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஒரு மனிதன் மூன்று கன அடிகூட வரமாட்டான். ஆனால் இவன் பக்கத்தில் கிடக்கிற மணலையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு மாடி உயரத்துக்கு வளருவான்.

பெரியம்மா: அப்ப வளரவிட்டுத்தான் ஏற்றவேண்டும். கடல் மணல் இல்லையே? உப்பு இருந்தால் பூச்சு நிற்காது. கம்பியும் கறள் பிடிக்கும்.

பெறாமகன்: கடற்கரை மணல்தான். 1963இல் கதை எழுதுகிற ஸ்டான் லீயும் படம் கீறுகிற ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கின ஆள். கள்ளன். மறியற்சாலையில் இருந்து தப்பி ஓடிவந்து ஒரு கடற்கரையில் ஒளிக்கிறான். அங்கே அணுகுண்டுச் சோதனை நடக்கிறது. அந்தக் கதிர்வீச்சில் உடம்பும் மணலும் ஒன்றாகிவிட்டன.

பெரியம்மா: பெர்மிட் இல்லாமல் கடற்கரையில் இறங்கினால் அப்படித்தான். ஆர் பெடியன் உவன்?

பெறாமகன்: ஆர் பெடியன் என்றால்? நியூயோர்க்கில் குயீன்ஸ் பகுதி.

பெரியம்மா: குயீன்ஸோ? பிள்ளையார் கோயில் இருக்கிற இடமெல்லோ? எங்கள் சனமும் அங்கே கொஞ்சம் இருக்கினம். தகப்பன் என்ன செய்கிறார்?

பெறாமகன்: இவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போய்விட்டார். தாய்தான் வளர்த்தவ. கோனி ஐலண்ட் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவாவாம். பெடியன் அங்கே இருந்து மணலில் வீடு கட்டிக்கொண்டே இருப்பானாம்.

பெரியம்மா: (குரல் இறங்குகிறது) ஐயோ பாவம்.

பெறாமகன்: சொந்தப் பெயர் வில்லியம் பேக்கர். களவில் இறங்கின பிறகு பிளிண்ட் மார்க்கோ என்று மாற்றிக்கொண்டான். தான் பொலிஸில் பிடிபட்டது தாய்க்குத் தெரியக்கூடாதாம்.

பெரியம்மா: தாய்க்குப் பயந்தவனோ? அப்ப அவன் திருந்துவான். வேண்டுமென்றால் எழுதி வை.

பெறாமகன்: உண்மையாகவே திருந்தினவன் பெரியம்மா! ஆனால் 19 வருஷம் எடுத்தது.

பெரியம்மா: கொண்ணன் ஏ.எல். சோதனை பாஸ் பண்ண எடுத்ததைப் பார்த்தால் பரவாயில்லை. முதலில் ஆர் உவனைப் பிடித்தது?

பெறாமகன்: ஸ்பைடர்மான். நாலாவது இதழிலேயே. எதால் பிடித்தான் என்று சொல்லுங்கோ பார்ப்போம்.

பெரியம்மா: தும்புத்தடியால் கூட்டி அள்ளியிருப்பான்.

பெறாமகன்: கிட்டத்தட்ட! பெரிய வக்யூம் கிளீனர் ஒன்றால் உறிஞ்சி எடுத்துப் பொலிஸில் கொடுத்தான்.

பெரியம்மா: எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, உன் மச்சாள் கனடாவில் இருந்து அனுப்பினது. பிளக்கைச் செருகினவுடன் புகைதான் வந்தது.

பெறாமகன்: அது 120 வோல்ட் சாமான். இங்கே 230. டிரான்ஸ்போர்மர் வைக்காமல் போட்டால் புகைக்கும்தானே.

பெரியம்மா: இப்ப அலுமாரிக்கு மேல் இருக்கிறது. ஆட்கள் வந்தால் காட்டலாம். நீ கதையைச் சொல்லு.

பெறாமகன்: 1981இல் ஹைட்ரோமான் என்று இன்னொரு வில்லன் வருகிறான். அவன் தண்ணி மனிதன். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் மோதி, கலந்து, ஒரே சேற்றுப் பூதமாகிவிட்டார்கள்.

பெரியம்மா: மணலும் தண்ணியும் சேர்ந்தவையோ? அந்த நேரம் பார்த்து ஒருவன் இரண்டு பை சீமெந்தையும் கொட்டியிருந்தால் என் மதில் எழும்பியிருக்கும்.

பெறாமகன்: பிறகு ஒரு மாதிரிப் பிரிந்துவிட்டார்கள். ஆனால் அந்த அதிர்ச்சியில் இவனுக்கு எல்லாம் வெறுத்துப்போச்சு. 1982இல் ஒரு பாரில் தனியாகக் குந்திக்கொண்டு இருக்கிறான். அவனைப் பிடிக்க திங் என்கிற ஹீரோ வருகிறான். அவனுக்கு உடம்பு முழுக்கக் கல்.

பெரியம்மா: கருங்கல்லோ?

பெறாமகன்: செம்மஞ்சள் நிறக் கல்.

பெரியம்மா: அத்திவாரத்துக்குப் போதும். தம்பி, உது கதைப்புத்தகமோ, ஹார்ட்வெயார் கடையோ? மணல், தண்ணி, கல் எல்லாம் வருகிறது.

பெறாமகன்: கேளுங்கோவன். அடிபடப் போகிறார்கள் என்று பார்த்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பியர் குடிக்கிறார்கள். இவன் தன் பாட்டையெல்லாம் சொல்லுகிறான். அவன் இருந்து கேட்கிறான். கேட்டுவிட்டு, பிடிக்காமலே விட்டுவிடுகிறான்.

பெரியம்மா: குடித்துத் திருந்தினவனை இப்பதான் கேள்விப்படுகிறேன். சரி, எடுத்த காசை என்ன செய்தவன்?

பெறாமகன்: என்ன காசு?

பெரியம்மா: களவெடுத்த காசடா. திருப்பிக் கொடுத்தவனோ?

பெறாமகன்: நான் பார்த்த பக்கங்களில் அது இல்லை.

பெரியம்மா: இராது. பாரில் இருந்து மூக்கைச் சிந்துகிறது சுகம். காசை எண்ணி மேசையில் வைக்கிறதுதான் கஷ்டம். சரி, அதற்குப் பிறகு?

பெறாமகன்: ஒரு குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தவன். நேர்மையாக உழைத்தவன். ஸ்பைடர்மானுக்கே உதவி செய்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவெஞ்சர்ஸ் என்கிற ஹீரோக் கூட்டத்தில் ரிசேர்வ் ஆளாகக்கூடச் சேர்த்தார்கள்.

பெரியம்மா: ரிசேர்வ் என்றால் நிரந்தர நியமனம் இல்லையோ?

பெறாமகன்: இல்லை.

பெரியம்மா: தொண்டர் ஆசிரியர் மாதிரி. பாவம், எத்தனை வருஷம் இருந்தானோ. கலியாணம் கட்டினவனோ?

(பெரியம்மாவுக்கு ஒரு ஆள் திருந்தியதற்கு அடையாளம் இரண்டுதான்: கடன் தீர்ந்திருக்க வேண்டும், கலியாணம் முடிந்திருக்க வேண்டும். சாதகம் கேட்பதற்கு முன் பெறாமகன் கதையைத் திருப்பியது நல்லதாயிற்று.)

பெறாமகன்: கலியாணத்தை விடுங்கோ. 1999இல் என்ன நடந்தது தெரியுமோ? "நான் திருந்தவே இல்லை, அவ்வளவும் நடிப்பு" என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் வில்லனாக வந்து நின்றான்.

பெரியம்மா: என்னடா இது? 17 வருஷம் ஒருவன் நடிப்பானோ? எங்கள் கோயில் தலைவர்கூட மூன்று வருஷத்துக்கு மேல் நடிக்கவில்லை.

பெறாமகன்: பிறகு அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். விஸார்ட் என்று இன்னொரு வில்லன், ஏதோ மிசினை வைத்து இவனுடைய மூளையை மாற்றிவிட்டானாம்.

பெரியம்மா: மிசினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உதை முடிவெடுத்தது ஆர்?

பெறாமகன்: புத்தகம் போடுகிற ஆட்கள்தான். எழுதுகிறவர் மாறினால் குணமும் மாறும். ஸ்பைடர்மானுக்கு மாதாமாதம் அடிக்க ஆள் வேண்டுமே. எல்லா வில்லனும் திருந்திவிட்டால் அவர்கள் எதை விற்பது?

பெரியம்மா: அதுதான் விஷயம். எங்கள் ஒழுங்கையிலும் ஒருவன் கள்ளை விட்டுப் பார்த்தவன். ஆறு மாதம் தொடவில்லை. பின்னேரத்தில் வாசிகசாலைப் பக்கம் வந்தால் போதும், "என்ன, இன்றைக்கும் போடவில்லையோ? ஆளைப் பார்க்க ஒரு மாதிரி இருக்குது" என்று பகிடி பண்ணிப் பண்ணியே திரும்பக் குடிக்க வைத்தவை. திருந்தப் போகிறவனை ஊர் விடவேண்டும் தம்பி. ஊர் விடாது. வேறு திருந்தினவை ஒருவரும் இல்லையோ அதற்குள்?

பெறாமகன்: ஏன் இல்லை? மேக்னெட்டோ. அவனும் 1963தான். இரும்பை நினைத்தபடி வளைக்கிற சக்தி. எண்பதுகளில் திருந்தி, எதிரியின் பள்ளிக்கூடத்துக்கே அதிபராக இருந்தவன்.

பெரியம்மா: அதிபரோ! ஆர் நியமித்தது? கல்வி வலயத்துக்குத் தெரியுமோ? அதை விடு. தூண் கம்பி வளைக்க மேசன் ஒரு ஆள் தேடினவர்...

(போன் அடிக்கிறது.)

பெறாமகன்: டிப்பர்காரன்தான்! ஹலோ... ஓம் அண்ணை... எங்கே?... என்னத்துக்கு?... உண்மையாகவோ?... சரி, சொல்லிவிடுகிறேன். (போனை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிறான்.)

பெரியம்மா: எவ்விடத்தில் நிற்கிறானாம்?

பெறாமகன்: செல்வச்சந்நிதியில்.

பெரியம்மா: தொண்டைமானாற்றுக்கு வந்துவிட்டானோ? கிட்டத்தானே! மணல் ஏற்றியாச்சோ?

பெறாமகன்: இல்லை பெரியம்மா. இனிப் பெர்மிட் இல்லாமல் ஒரு சட்டி மணலும் அள்ளுவதில்லை என்று முருகனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிவிட்டானாம். "நான் திருந்திவிட்டேன் என்று பெரியம்மாவிடம் சொல்லு, சந்தோஷப்படுவா" என்கிறான்.

(பெரியம்மா கதிரையை விட்டு எழும்புகிறார்.)

பெரியம்மா: எப்ப திருந்தினவன்?

பெறாமகன்: இன்று காலையில்.

பெரியம்மா: அவனுக்குத் திருந்த வேறு நாளே கிடைக்கவில்லை? இரண்டு கியூப்பையும் இங்கே இறக்கிவிட்டுப் பின்னேரம் திருந்தினால் முருகன் வேண்டாம் என்று சொல்லப் போகிறாரோ?

பெறாமகன்: நீங்கள்தானே சொன்னீர்கள், திருந்தப் போகிறவனை ஊர் விடவேண்டும் என்று?

பெரியம்மா: அது அமெரிக்காக்காரனுக்குச் சொன்னது! அட்வான்ஸ் எங்கே? அதைக் கேட்டியோ?

பெறாமகன்: கேட்டேன். அதை அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டானாம். உங்களுடைய பெயரில்தான். ரசீதும் வைத்திருக்கிறானாம்.

பெரியம்மா: (சிறிது நேரம் இடுப்பளவு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்று) போனை எடு. வேறு ஆரின் நம்பராவது இருக்கிறதோ பார்.

பெறாமகன்: டிப்பர்காரர் இரண்டு, மூன்று பேர் இருக்கினம். எப்படிப்பட்ட ஆள் வேண்டும்?

பெரியம்மா: அடுத்த கிழமை மட்டும் திருந்தாமல் இருக்கக்கூடிய ஒருவன்.