ஈடுபாடு இல்லை என்று நர்ஸ்களைச் சொல்லும் முன்

எமர்ஜென்சி நர்ஸ்களுக்கு வேலையில் பிடிப்பு குறைகிறது என்றதும் நிர்வாகம் எடுக்கும் மருந்து ஒன்றுதான்: மே 12, செவிலியர் தினம் வந்தால் கேக், சான்றிதழ், ஊக்கப் பேச்சு. தப்பில்லை, ஆனால் நோய் அங்கே இல்லை. "இது சரியில்லையே" என்று ஒரு நர்ஸ் வாய் திறந்தால் அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கடும் ஒவ்வாமையில் மூச்சுத் திணறலோடு ஒருவர் வருகிறார். நாடி ஓடுகிறது. பரபரப்பில் டாக்டர் "அட்ரினலின் ஒரு ஆம்பியூல், ஐவி" என்கிறார், அதாவது நேராக ரத்தக் குழாயில். ஒரு ஆம்பியூல் (சிறு மருந்துக் குப்பி) என்றால் 1 மி.கி.; இதயம் நின்றுபோனவருக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போடும் அளவு. இவருக்கு வேண்டியது 0.5 மி.கி., அதுவும் தொடைத் தசையில் (ஐஎம்). 1 மி.கி.யை அப்படியே ரத்தக் குழாயில் ஏற்றினால் பிரஷர் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். நர்ஸ் கேட்கிறார்: "0.5, ஐஎம் தானே டாக்டர்?"

"ஆமா, ஐஎம். நல்லவேளை கேட்டீங்க." இது ஒரு பதில். "எனக்குப் பாடம் எடுக்காதீங்க." இதுவும் ஒரு பதில். இரண்டாவதைக் கேட்டால் அந்த நர்ஸ் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் ஜூனியர்களும் அன்றே வாயை மூடக் கற்றுக்கொள்வார்கள். பணியிட அறநெறிச் சூழல் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது இந்த ஒரு வரி பதிலில்தான் இருக்கிறது.

இதைவிட மோசம் கேஸ் ஷீட் விவகாரம். கூட்டத்தில் வைட்டல்ஸ் (நாடி, பிரஷர் போன்ற அளவுகள்) விட்டுப்போகும், அது நடப்பதுதான். ஆடிட் வருகிறது என்றதும் "காலிக் கட்டத்தை நிரப்பிடுங்க சிஸ்டர்" என்று மேலிருந்து சொல்வதுதான் குற்றம். எடுக்காத பிரஷருக்கு 120/80 எழுதிக் கையெழுத்துப் போடுபவர் நர்ஸ். நாளை விசாரணை வந்தால் மாட்டுபவரும் அவரே. நேர்மையான வழி எளிது: எடுக்கவில்லை என்றால் "எடுக்கவில்லை" என்று காரணத்தோடு எழுதலாம். எடுத்து எழுத மறந்தது என்றால் இப்போதைய நேரத்தைப் போட்டு "தாமதப் பதிவு" என்று குறிக்கலாம். சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனம் அதைச் செய்யவிடாதபோது வரும் வேதனையைத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984லேயே எழுதிவிட்டார். பிடிப்பை அரிப்பது இதுதான், நைட் டியூட்டி மட்டுமல்ல.

இந்த அறநெறிச் சூழலை அளந்து பார்க்க விரும்புபவர்களுக்குக் கருவி இருக்கிறது. லிண்டா ஓல்சனின் கேள்வித்தாளில் 26 வாக்கியங்கள். சக நர்ஸ்கள், நோயாளிகள், மேலாளர், மருத்துவமனை, டாக்டர்கள் என்று 5 பிரிவு. ஈடுபாட்டுக்கு உட்ரெக்ட் அளவுகோல், 17 அல்லது 9 கேள்விகள். மொத்தச் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சக நர்ஸ்களுக்கு 5க்கு 4.5, டாக்டர்களுக்கு 2.5 என்று வந்தாலும் கூட்டிப் பார்த்தால் 'பரவாயில்லை' என்றுதான் தெரியும்.

இன்னொன்று, 20 பேர் உள்ள யூனிட்டில் வயது, அனுபவம், ஷிஃப்ட் மூன்றையும் கேட்டால் எழுதியது யார் என்று இன்சார்ஜுக்குத் தெரிந்துவிடும். பிறகு எல்லாத் தாளிலும் 5க்கு 5தான். தாளைச் சேகரிப்பவர் அந்த யூனிட்டுக்கு வெளியாளாக இருக்கட்டும்.

இதெல்லாம் சரியானால் முதலில், நடந்த தவறுகளைப் பற்றி வரும் அறிக்கைகள் கூடும். உடனே பதறி யாருக்கும் மெமோ கொடுத்துவிடாதீர்கள். நல்ல தலைமை உள்ள குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகம் வெளியே வந்ததை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996லேயே காட்டியிருக்கிறார். பயமில்லாத இடத்தில்தான் ஆட்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.