பழைய ரிவால்வருக்குப் பாலிஷ் எதற்கு?

கடந்த வாரம் கோத்தகிரியிலிருந்து மாமா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தை காலத்து ரிவால்வர் ஒன்று உரிமத்துடன் அவரிடம் இருக்கிறது. வயதாகிவிட்டதால் அதை மகன் பெயருக்கு மாற்றிக் கொடுக்க எண்ணியிருக்கிறார். "கொடுப்பதற்கு முன்னால் புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கிவிட வேண்டும், மாப்பிள்ளை. நிக்கல் பூசுகிறவர் யாரையாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். செய்யவே வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். நகைக்கு மெருகேற்றுவதைப் போன்ற ஒரு காரியத்தை நான் ஏன் தடுக்கிறேன் என்பதைத் தொலைபேசியில் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன், அவரைப் போல் யோசிப்பவர்கள் நம் மலையில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால்.

என் தாத்தா குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். சம்பள நாளன்று வங்கியிலிருந்து பணப்பையை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஜீப்பில் மலைப்பாதையில் திரும்பி வருவது அவருடைய பொறுப்பு. அதற்காகவே 1950களில் உரிமம் பெற்று, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடமிருந்து .32 அங்குலக் குழல் விட்டமுள்ள வெப்லி மார்க் 4 ரிவால்வர் ஒன்றை வாங்கினார். அதை அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை என்று பாட்டி சொல்வார். எங்கள் வீட்டில் அதற்கு இருந்த மரியாதை ஏறக்குறைய சுவர்க்கடிகாரத்துக்கு இருந்த மரியாதைதான். மாதம் ஒருமுறை திறந்து, துடைத்து, எண்ணெய் தொட்டு மூடிவைப்பார்கள்.

என் தந்தை காலத்தில் அதன் கருநீல நிறம் ஆங்காங்கே தேய்ந்து பழுப்பாகியிருந்தது. சமவெளியில் ஒரு பட்டறையில் கொடுத்தார். அவர்கள் அதைச் சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்து நன்றாகவே தேய்த்தார்கள். கண்ணாடி போலத் திரும்பி வந்தது, வீடே மகிழ்ந்தது. ஆனால் கூர்மையாக இருந்த விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன, திருகாணித் துளைகளின் ஓரங்கள் குழிந்து கிண்ணங்களாகியிருந்தன, பொறிக்கப்பட்ட எழுத்துகள் பாதி கரைந்திருந்தன. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும் என்ற நிலை. அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கப் போனபோது, எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை என்று தந்தையை நான்கு முறை அலையவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடைசெய்கிறது. அழகுக்காகச் செய்தோம் என்பது அந்தச் சட்டத்துக்குப் புரிகிற பதில் அன்று.

சட்டச் சிக்கலைவிட எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. பழைய ரிவால்வரின் உடலில் இருக்கும் சின்னச் சின்னக் குறிகள்தாம் அதன் சாதகக் கட்டம். சிறகு முளைத்த தோட்டா ஒன்று இருந்தால் அது பர்மிங்ஹாமின் வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனத்தின் முத்திரை. கிரீடமும் அதன்கீழ் எழுத்துகளும் இருந்தால், அது 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையைக் கடந்து வந்தது என்று பொருள். அங்கே வழக்கமான அளவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்த்து, குழலும், தோட்டாக்கள் அமரும் சுழலறையும் தாங்கினால் மட்டுமே அந்த முத்திரையை இடுவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் செய்த .38 வெப்லிகளில் 'வார் ஃபினிஷ்' என்றே பொறித்திருப்பார்கள். மெருகேற்ற நேரமில்லாமல் இயந்திரத் தழும்புகளோடு அனுப்புகிறோம், எங்கள் கைத்திறனே இவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள் என்று தொழிற்சாலையே தன் பொருளின்மீது எழுதிவைத்த மன்னிப்புக் கடிதம் அது. அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து யாராவது மெருகேற்றினால் அந்தக் கடிதத்தைக் கிழித்ததாகத்தான் நான் கொள்வேன்.

எங்கள் ரிவால்வரில் இன்னும் தெளிவாக மிஞ்சியிருக்கும் முத்திரைகளில் ஒன்று, கிரீடத்தின்கீழ் 'என்.பி.' என்பது. கரிமருந்துக்குப் பதிலாக வந்த புகையற்ற நைட்ரோ வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம். நீலகிரிக்காரன் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. ஊட்டி ரயிலில் வெலிங்டன் தாண்டியதும் வருகிற அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் தொழிற்சாலை இயங்குகிறது. கார்டைட் என்பது 1889இல் ஏபெல், டூவர் என்னும் இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய புகையற்ற மருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் சிறிது வாசலினோடு சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் கயிறுகயிறாகப் பிழிந்தெடுப்பார்கள். ராணுவத்தின் .455 வெப்லித் தோட்டாவும் கரிமருந்திலிருந்து இந்தக் கார்டைட்டுக்குத்தான் மாறியது. அருவங்காடு நிலையத்தில் தேநீர் குடித்தபடி ரயிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம், பர்மிங்ஹாமில் அடித்த அந்த இரண்டு எழுத்துகளுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இருக்கும் உறவு எனக்கு நினைவுக்கு வரும்.

ரிவால்வரை ரசிப்பது என்றாலே சுடுவதை ரசிப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது பூட்டையும் கடிகாரத்தையும் ரசிப்பதற்கு நெருக்கமானது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வர்களைக் கடைவிரித்தார். ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸ் தம்முடையதோடு எதிரே நின்றார். கோல்ட்டின் ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். நிதானமாகக் குறிபார்க்க ஏற்றது. ஆடம்ஸின் ரிவால்வரில் விசையை இழுத்தால் போதும், சுழலறை திரும்பிச் சுத்தி தானே எழுந்து விழும். வேகமானது, ஆனால் இழுவை கனம். எது சிறந்தது என்ற சண்டையை ஃபிரெடெரிக் பியூமான்ட் என்ற ராணுவப் பொறியாளர் சில ஆண்டுகளிலேயே, இரண்டு முறையிலும் சுடக்கூடிய ஓர் அமைப்பைச் செய்து முடித்துவைத்தார். இன்றைய ரிவால்வர்களில் பெரும்பாலானவை அந்தச் சமரசத்தின் பிள்ளைகளே.

வெப்லியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1873ஆம் ஆண்டின் கோல்ட்டில் சுட்ட தோட்டாக் கூடுகளைப் பக்கவாட்டுக் கதவின் வழியே ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டும். வெப்லியில் இடப்பக்கத்து நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்னால் மடிந்து இறங்கும். அந்த இறக்கத்திலேயே நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழுந்து ஆறு கூடுகளையும் ஒருசேர வெளியே தள்ளிவிட்டு, தானே 'டக்' என்று உள்ளே அமர்ந்துகொள்ளும். 1887இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 1 முதல் 1915இன் மார்க் 6 வரை இதே ஏற்பாடுதான். குறை இல்லாமலில்லை: சுடும்போது எழும் அழுத்தத்தையெல்லாம் ஒரு கீலும் ஒரு கொக்கியும் தாங்க வேண்டியிருப்பதால் மிக வலிமையான தோட்டாக்களுக்கு இது ஆகாது. ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் 1899ஆம் ஆண்டு மாதிரியைப் போல, திறக்காத சட்டத்திலிருந்து சுழலறை மட்டும் பக்கவாட்டில் விலகும் அமைப்பே கடைசியில் உலகெங்கும் வென்றது. வெல்லட்டும். வெப்லியை ஒருமுறை மடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம் நாட்டில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரும் 2014இல் அங்கிருந்து வந்த 'நிர்பீக்' என்ற ரிவால்வரும்கூட இந்த மடியும் வெப்லி மரபில் வந்தவைதான்.

அப்படியானால் நீயும் நாலைந்து வாங்கிச் சேர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. 1980களிலிருந்து தனிநபர் இறக்குமதிக்கு வழியில்லாததால், நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய வெளிநாட்டு ரிவால்வர்களின் விலை லட்சங்களில் ஓடுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. பழுது பார்த்தும் சுட முடியாத நிலையிலுள்ள பழம்பொருளுக்கு மட்டும் சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகளை நான் எதிர்க்கவில்லை. கைக்கு அடக்கமான துப்பாக்கி எளிதில் கிடைக்கும் ஊரில் வாழ எனக்கு விருப்பமில்லை. என் மனக்குறை ஒன்றே ஒன்று. வாரிசுகள் வேண்டாமென்று ஒப்படைக்கும் நூறு வயதுத் துப்பாக்கிகளை உருக்கிவிடாமல், முத்திரைகளைப் படம் எடுத்துப் பதிவுசெய்து, தகுதியானவற்றைச் செயலிழக்கச் செய்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்கலாம். தஞ்சை அரண்மனை ஆயுதங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற நாம், தோட்டங்களின் நூற்றாண்டுக்கும் ஊட்டியில் ஓர் அலமாரி ஒதுக்கலாம்.

மாமாவுக்கும் மற்றவர்களுக்கும், பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலையில் ரிவால்வருக்கு எதிரி ஜூன் மாதம் ஏறிவரும் மூடுபனிதான். பலர் தாத்தா காலத்துத் தோலுறையிலேயே போட்டுப் பூட்டிவைக்கிறார்கள். அது மிகத் தவறு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அமிலமும் இரும்பை அரிக்கும். உறையைத் தனியாக வையுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலமும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையும் போதும். தேய்ந்து பழுப்பேறிய நிறம் நோயன்று. அந்தக் கருநீலமே ஆதியில் கட்டுக்குள் வளர்த்த ஒருவகைத் துருதான். (படம் எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம். துப்பாக்கியைப் படமெடுத்து முகநூலில் போடும் வழக்கம் எனக்கு ஒவ்வாது.)

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமதாரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. சென்ற முறை எங்கள் காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்த ஏட்டையா அதைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "இது காட்டெருமையை விரட்டக்கூட உதவாதே சார், எதற்கு வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டு வைத்திருக்கிறீர்கள்?" என்றார். முத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, சிறகுள்ள தோட்டாவையும் கிரீடத்தையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு வரிசை எண்ணுக்கு வந்தார். கடைசி இரண்டு இலக்கங்களில் விரலை வைத்துத் தடவியவர், "இந்த இடத்தை யார் சார் இப்படிக் கெடுத்தது?" என்று கேட்டார். என் தந்தைதான் என்று சொல்ல மனம் வராமல், உரிமப் புத்தகத்தைத் திறந்து அந்த எண்ணை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.